உங்களுக்குத் தெரியுமா? கொடுவாவும் தூண்டிலும்

சித்திரை பிறந்த மறுநாள் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். வஞ்சிரம் விலை ஏறும், கத்திரி வெயில் வரும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரக் கற்களின் மேல் தூண்டில்காரர்கள் காலையும் மாலையும் உட்கார்ந்திருப்பார்கள். இதே மாதங்களில்தான் அமெரிக்காவின் ஏரிகளில் 'பாஸ்' மீன் பிடிக்கும் உள்ளூர் கிளப் போட்டிகளும் களைகட்டும். அங்கேயும் இங்கேயும் மாறி மாறி எட்டிப் பார்த்ததில் கிடைத்த துணுக்குகள் இவை.

●

அமெரிக்கப் போட்டிக்காரர்கள் துரத்தும் 'லார்ஜ்மவுத் பாஸ்' நம் பக்கத்து நீரில் கிடையாது. அது ஏரி, குளத்து மீன். நம் கழிமுகங்களில் பதுங்கியிருந்து பாய்ந்து அடிக்கும் அந்த வேலையைச் செய்வது கொடுவா. வெள்ளைக்காரர்கள் இதற்கும் ஆசிய 'சீ பாஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். கொடுவாவின் நெருங்கிய பங்காளி ஆப்பிரிக்காவின் நைல் பெர்ச். 1950களில் விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விடப்பட்டு, அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் காணாமல் போனதற்கு முக்கியக் காரணம் என்று பெயர் வாங்கியதே, அதே மீன்தான்.

வங்காளிகளின் பேட்கி, மலையாளிகளின் காளாஞ்சி, மலேசியாவின் சியாக்காப், ஆஸ்திரேலியாவின் பாரமுண்டி எல்லாம் நம் கொடுவாவே. ஓட்டல் அட்டையில் 'பாரமுண்டி' என்று போட்டிருந்தால் கப்பலில் வந்த ஏதோ சீமைச் சரக்கு என்று மிரள வேண்டாம்.

●

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். 2001-ல் இது தொடங்கியபோது 45 நாள்தான். 2017-ல் 61 ஆனது. மீன்கள் முட்டையிட அவகாசம் தரும் ஏற்பாடு. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான், கட்டுமரத்துக்கும் கைத்தூண்டிலுக்கும் இல்லை. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023-ல் அதை 8,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். படகுப் பலகையை மாற்றவும் வலை பின்னவும் இன்ஜினைப் பிரித்துப் போடவும் ஆகும் செலவைக் கேட்டுப் பார்த்தால், அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

●

தூண்டில்காரர்களுக்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்தது சென்னைத் துறைமுகம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான்.

நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா அகன்று கொண்டே போனது அப்படித்தான். வடக்கே? வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தெருத்தெருவாகத் தின்றது. ஊரின் தென்பாதிக்குக் காற்று வாங்க மணல்வெளி, வடபாதிக்கு இடிந்த வீடு. சென்னையின் பல கணக்குகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளைக் கட்டினார்கள். அரசுக் காகிதத்திலேயே அவற்றின் பெயர் 'தூண்டில் வளைவு'. கல்லிடுக்கில் நண்டும் மட்டியும் பொடிமீனும் குடியேற, அவற்றைத் தேடிப் பெரிய மீன் வர, பெரிய மீனைத் தேடி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

●

சென்னைக் கரையோர மீனவர் பேச்சில், நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் 'தெண்டி', வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் 'வன்னி'. வலை விடுகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

●

பாஸ் போட்டிகளில் உயிர் இரை கூடாது. பிளாஸ்டிக் புழு, தகரத் தகடு, மரத்தில் கடைந்த பொம்மை மீன் என்று செயற்கை இரை மட்டும்தான். நம் கல்லில் நிலைமை நேர் எதிர். கொடுவாவுக்கு உயிர் இறாலும் மடவைக் குஞ்சும்தான் ராஜ இரை. துள்ளாத இரையை அது பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்காது. கருவியிலும் இரண்டு சாதி உண்டு. ஒரு கல்லில் பல ஆயிரம் கொடுத்து வாங்கிய ராடும் ரீலும். அடுத்த கல்லில், காலி தண்ணீர் பாட்டிலில் தங்கூஸ் நரம்பைச் சுற்றி, நுனியில் ஈயமும் முள்ளும் கட்டிய கைத்தூண்டில். மாலை ஆனதும் யார் பையில் என்ன இருக்கிறது என்பதை வைத்துக் கருவியைக் கண்டுபிடிக்க முடியாது.

"இன்னா நைனா, எதுனா மாட்டிச்சா?"

"எங்கப்பா... காத்தாலேர்ந்து ரெண்டு கெளுத்தி."

●

கொடுவாவின் கண் இரவில் டார்ச் வெளிச்சம் பட்டால் செக்கச்செவேலென்று மின்னும். செவுள் மூடியின் ஓரம் கூர்மையானது. கை வைத்தால் கிழியும், நரம்பு உரசினால் அறுந்துபோகும். அதனால்தான் தெரிந்தவர்கள் முள்ளுக்கு மேலே முழ நீளத்துக்குத் தடித்த நரம்பைத் தனியாகக் கட்டுகிறார்கள். வாயைத் திறக்கும் வேகத்தில் தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். நீர்ப்பரப்பில் அப்போது கேட்கும் 'பொட்' சத்தம் தூண்டில்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும்.

●

இனி கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய சங்கதி. கொடுவா முதலில் ஆணாகப் பருவத்துக்கு வருகிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக இனப்பெருக்கத்தில் கலந்துகொண்டு, அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் பெண்ணாக மாறிவிடுகிறது. ஆகவே சின்னக் கொடுவா பெரும்பாலும் ஆண், பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். ஒரு மீட்டரைத் தாண்டிய மீன் என்றால் அநேகமாகப் பெட்டைதான். அப்படிப்பட்ட ஒரு பெட்டை ஒரு பருவத்தில் பல பத்து லட்சம் முட்டைகள் இடும்.

பெரும்பாலும் மீன்பிடிப் போட்டியின் பரிசு எதற்கு? அதிக எடைக்கு. அதாவது கொடுவாவுக்கு எடைப் போட்டி வைத்தால், தாய் மீனைத் தேடிப் பிடிப்பவருக்குக் கோப்பை கொடுக்கிறோம் என்று அர்த்தம். அமெரிக்கப் பாஸ் மீனில் பால் மாற்றம் இல்லைதான். ஆனாலும் அங்கேயும் பெண்தான் பெரிதாக வளரும், போட்டியில் ஜெயிக்கும் குண்டு மீன்களும் பெரும்பாலும் பெட்டைகளே.

இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடலோர நீரில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாரமுண்டியையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சின்னது இன்னும் இனப்பெருக்கத்துக்கு வராதது, பெரியது முட்டைக் களஞ்சியம். நடுவில் உள்ளதைக் கொண்டுபோய்க் குழம்பு வை என்கிறது சட்டம். துடுப்புப் படகில் போய்ப் பிடிக்கும் போட்டிகளில் தராசே கிடையாது. அளவுகோல் மேல் மீனைக் கிடத்தி, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். நீளத்தைக் கூட்டிப் பரிசு. முட்டுக்காட்டிலோ எண்ணூரிலோ நாளைக்கு யாராவது கொடுவாப் போட்டி நடத்தினால், தராசை வீட்டில் வைத்துவிட்டு டேப்பை மட்டும் எடுத்து வரட்டும் என்பது என் கட்சி.

●

விடுகிறோம் என்று விட்டால் போதாது. காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் உள்ள வழவழப்புப் பூச்சு உரிந்து, அந்த இடத்தில் நோய் பிடிக்கும். கையை நனைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மீனை வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் தாடையையும் முதுகையும் கெடுக்கும். வயிற்றடியில் இன்னொரு கை தாங்க வேண்டும். கருங்கல்லின் மேல் போட்டுப் படம் எடுப்பது, மே மாத வெயிலில், தோசைக்கல்லில் போட்டு எடுப்பதற்குச் சமம்.

●

பாஸ் போட்டியை இன்றைய பெரும் வியாபாரமாக்கியவர் மீனவர் அல்ல, இன்சூரன்ஸ் விற்றவர். அலபாமா மாநிலத்துக்காரர் ரே ஸ்காட். 1967 ஜூன் மாதம் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் தன் முதல் போட்டியை நடத்தினார். வந்தவர்கள் நூறு பேருக்குச் சற்று மேல். அதற்கு முந்தைய மீன்பிடிப் போட்டிகள் ஏமாற்று வேலைக்குப் பேர் போனவை. முந்தின நாளே பிடித்துக் கட்டிவைத்த மீனைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஸ்காட் நேரக் கட்டுப்பாடு, கண்காணிப்பு, எல்லாருக்கும் ஒரே ஏரி என்று விதிகளை இறுக்கினார். மறு ஆண்டே பாஸ் தூண்டில்காரர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நாடு முழுக்க அதன் கிளைக் கிளப்புகள் முளைத்தன.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். 1972-ல், பிடித்த மீனை உயிரோடு எடை போட்டு ஏரியிலேயே திருப்பி விட வேண்டும் என்று கொண்டுவந்தார். படகுக்குள் காற்றடித்த தண்ணீர்த் தொட்டி வந்தது. செத்த மீனைக் கொண்டுவந்தால் மொத்த எடையில் வெட்டு. இப்போது ஐந்து மீனுக்கு மேல் எடைக்கு வைக்க முடியாது. ஆறாவதாக நல்ல மீன் கிடைத்தால் தொட்டியில் இருப்பதில் சின்னதை விடவேண்டும். புதுமை என்று சொன்னாலும் இதில் வியாபாரக் கணக்கு இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வாராவாரம் மீனைக் கொன்றுகொண்டிருந்தால் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஏரியில் என்ன இருக்கும்?

●

வசந்தத்தின் கடைசியில் பாஸ் மீன் முட்டையிட்டு முடிக்கும். முட்டையிட்டதும் பெண் போய்விடும், காவல் இருப்பது அப்பன். வால் அடித்து ஏரி அடியில் குழி செய்து, குஞ்சு நீந்தும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் எது வந்தாலும் முட்டும், தூண்டில் பொம்மையையும் கவ்வும். அந்தக் காவல்காரனைப் பிடித்துச் சில நிமிடம் படகில் வைத்திருந்தாலே போதும், அதற்குள் பொடிமீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுவிடும். இந்தக் காரணத்தால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கவே அனுமதி இல்லை.

கொடுவாவிடம் இந்தக் குடும்பப் பாசம் எதுவும் கிடையாது. முகத்துவார உப்பு நீரில் முட்டையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

●

20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். உப்பு நீரில் இன்னும் குறைவு. கத்திரி வெயிலில் மத்தியானம் மீன் கடிக்காததற்குத் தூண்டில்காரர் ராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் போனால் போதும்.

●

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழில் தூண்டிலால் பேர் வாங்கிய புலவர் ஒருவர் இருக்கிறார்: மீனெறி தூண்டிலார். குறுந்தொகையின் 54-வது பாட்டு அவருடையது. யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட்டதும் அது விசுக்கென்று மேலே நிமிர்வதை, மீன் மாட்டியதும் சுண்டி இழுக்கும் தூண்டில்கோலோடு ஒப்பிட்டார். அவருடைய சொந்தப் பெயர் போய், உவமையே பெயராக நின்றுவிட்டது. வளைந்து நிமிரும் கோல் அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

●

மதராஸ் வரலாற்றில் பிரான்சிஸ் டே இரண்டு பேர். ஒருவர் 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தக் கரையில் இடம் வாங்கிக் கோட்டைக்கு வழி செய்தவர். மற்றவர் அவருக்கு இருநூறு ஆண்டு கழித்து மதராஸ் படையில் மருத்துவராக வந்து, நோயாளிகளைவிட மீன்களிடம் அதிகம் ஈர்க்கப்பட்டு, இந்திய மீன்வளத்தின் தலைமை ஆய்வாளராக ஆனவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'இந்திய மீன்கள்' நூலை இன்றும் மீனியல் மாணவர்கள் புரட்டுகிறார்கள். நகரத்தை நிறுவியவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட மீன்காரருக்குக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடி பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். நம் ஊர் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே 1887-ல் இன்னொன்று. துரைமார் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்ததற்குப் பின்னால், இப்படிப்பட்ட அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் எழுதிய அறிக்கைகள் இருந்தன.

●

பாஸ் போட்டியில் எந்தப் படகு முதலில் கிளம்புவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நல்ல இடத்தை முதலில் பிடிப்பவருக்கு லாபம் என்பதால்.

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியில், இதே சீட்டு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பெயர் 'பாடு'. ஊசிக்கம்பு நட்டு வலை கட்டும் நல்ல இறால் இடங்களை ஊர் மீனவர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு, முறை வைத்துச் சுழற்சியில் பிடிப்பார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு நாளை சுமாரான இடம். ஜெயிப்பவர் ஒருவர் என்பது இந்தச் சீட்டின் நோக்கமல்ல, யாரும் முழுப் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே. குறையும் உண்டு: பாடு உரிமை எல்லாச் சாதிக்கும் எல்லா ஊருக்கும் கிடையாது. அதை வைத்துச் சண்டையும் வழக்கும் நடந்ததுண்டு.

●

இன்னும் எளிய மீன்பிடி ஒன்று இருக்கிறது. எண்ணூர், பழவேற்காட்டு உப்பங்கழிகளில் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றை இரு கைகளாலும் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். கை காலியாக இருக்க வேண்டுமல்லவா? முள் இல்லை, நரம்பு இல்லை, வலை இல்லை. சேற்றில் கண்ணாடித் துண்டோ தகரமோ கிடந்தால் முதலில் அறுபடுவது இவர்கள் விரல்தான்.

●

அமெரிக்காவில் மின்நிலையங்களின் சுடுநீர் கலக்கும் ஏரிகளைக் குளிர்காலத்தில் பாஸ் பிடிக்கிறவர்கள் தேடிப் போவார்கள். ஊரெல்லாம் உறைந்து கிடக்கும்போது அங்கே மட்டும் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். எண்ணூரில் குளிர்காலமே இல்லை. ஏற்கெனவே வெதுவெதுப்பான கழியில் அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் சாம்பலும் சேர்ந்தால் மீன் என்ன செய்யும்? போகத்தான் செய்யும். 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டுப் பக்கத்து நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. அதைத் தூண்டில் வளைவுக் கற்களின் மேல் நின்று வாளியால் அள்ளியதை ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வழிந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை வந்தது. வலையும் படகும் கருத்தன. கொடுவா முட்டையிட வருவதும் இதே வாசலுக்குத்தான், குஞ்சு உள்ளே ஏறுவதும் இதே வாசல் வழியாகத்தான். மேலே ஆற்றில் போனால் மீஞ்சூர் அருகே வழிமறித்து வல்லூர் அணைக்கட்டு நிற்கிறது. கோடையில் முகத்துவாரமே மணல் மூடி ஒடுங்கிவிடும், அப்போது மணலை வாரித்தான் கடலையும் கழியையும் சேர்த்து வைக்க வேண்டும்.

●

எண்ணூர்க் கழியில் சில ஆண்டுகளாக ஒரு புது விருந்தாளி: 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் கருப்பு மட்டி. தாயகம் தென் அமெரிக்கா. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரோடு வந்திருக்கும் என்பது கணிப்பு. கழியின் அடிமண்ணை ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிடுவதால் இறால் புதைந்து கிடக்கவும் உள்ளூர் மஞ்சள் மட்டி வளரவும் இடமில்லை. இறால் போனால் அதைத் தின்னும் கொடுவா எங்கே வரும்?

ஜப்பானில் இந்த அழையா விருந்தாளி பாஸ் மீனேதான். 1925-ல் ஒரு தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவி, சொந்த ஊர் மீன்களைத் தின்றது. 2005-ல் அமலான சட்டப்படி உயிருள்ள பாஸை அங்கே வளர்க்கவோ, கொண்டுபோகவோ, புதிதாக எங்கும் விடவோ கூடாது. பிடிக்கலாம், போட்டியும் வைக்கலாம்! உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் லார்ஜ்மவுத் பாஸுக்கு இடம் உண்டு. நம் ஏரிகளில் இதைக் கொண்டுவந்து விடலாமே என்று எந்த ஆர்வக்காரராவது ஆரம்பித்தால், 1952-ல் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குட்டையை விட்டுவைத்திருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

●

இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தது சென்னைக்காரர்கள். 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதைச் சாதித்தது. அதன் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டில் இருக்கிறது. குஞ்சு வளர்ப்பில் பெரிய தலைவலி, தம்பியை அண்ணன் விழுங்குவது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் மீனையும் கொடுவாக் குஞ்சு உள்ளே தள்ளிவிடும். ஆகவே சில நாளுக்கொரு முறை வடிகட்டி, பெரியது, நடுத்தரம், சின்னது என்று வேறு வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

●

மலேசியாவில் கட்டணக் குளங்கள் ஏராளம். மணிக்கணக்கில் காசு கட்டித் தூண்டில் போடலாம். பல குளங்களில் விடப்படுவது பண்ணையில் வளர்ந்த சியாக்காப். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 2015 முதல் ஒரு விளையாட்டு: ஆறுகளில் அடையாளச் சீட்டுக் குத்திய பாரமுண்டிகளை விடுவார்கள். பிடித்தால் பத்தாயிரம் டாலர், குறிப்பிட்ட சில மீனுக்குப் பத்து லட்சம். அந்தப் பத்து லட்சத்தை ஒன்பது பருவம் யாரும் தொடவில்லை. 2024 அக்டோபரில்தான் 19 வயதுப் பையன் ஒருவன் தட்டிக்கொண்டு போனான். ஒரு கொடுவாவுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை!

●

எடைப் போட்டி என்றால் ஈயமும் வரும். 2022 செப்டம்பர் 30, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம், ஈரி ஏரிப் போட்டி. 28,000 டாலருக்கு மேல் பரிசு வாங்கவிருந்த ஜோடியின் மீன்கள், பார்வைக்குச் சின்னதாக, தராசில் மட்டும் கனத்தன. நடுவர் எல்லார் முன்னாலும் கத்தியால் கீறினார். வயிற்றிலிருந்து ஈயக் குண்டுகள் விழுந்தன, கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகளும். இருவருக்கும் பத்து நாள் சிறை, படகு பறிமுதல். இப்போது பல போட்டிகளில் ஜெயித்தவரைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்த பிறகுதான் காசோலை கொடுக்கிறார்கள்.

●

லார்ஜ்மவுத் பாஸின் உலகச் சாதனையை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் பிவா ஏரியில் 2009 ஜூலையில் மனாபு குரிதா பிடித்தது 10.12 கிலோ. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூனில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 10.09 கிலோ. ஜப்பான் மீன் கூடுதல்தானே என்றால், பழைய சாதனையைக் குறைந்தது இரண்டு அவுன்சாவது தாண்டினால்தான் புதுச் சாதனை என்பது 1939-ல் தொடங்கிய சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் விதி. அதனால் சமன் என்று அறிவித்தார்கள். குரிதாவையும் பொய் கண்டறியும் கருவி விடவில்லை, அதிலும் தேறினார்.

பெர்ரிக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பொருளாதார மந்தக் காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இளம் விவசாயி அவர். பக்கத்து ஊரில் மீனை எடை போட்டு, ஒரு பத்திரிகைப் போட்டிக்கு எழுதிப் போட்டார், 75 டாலர் பெறுமான சாமான்கள் பரிசாக வந்தன. சாதனை மீனைப் பாடம் செய்து வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.